கெஸ்ட்ரலைப் பந்தயம் வைத்தவன்

லாரன்ஸ் டின்டாலுக்கு அவன் வாய்தான் எதிரி. வேட்டை விருந்தில், ராணியின் படையில் மேஜராக இருந்த ஸ்ட்ரிக்லி, "நீ கூலிக்குக் குதிரை ஓட்டுறவன்தானேய்யா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் ஒரு கனவானை இதைவிடக் கேவலமாக ஏச முடியாது. காசுக்கு ஓட்டாதவன் என்று காட்ட வேண்டிய இடத்தில் காசைப் பந்தயம் கட்டவும் முடியாது. டின்டால் ஆத்திரத்தில் தன் பெண்குதிரை கெஸ்ட்ரலையே வைத்தான். நான்கு மைல், இருபத்திரண்டு தடுப்புகள். ஜெயித்தவன் தோற்றவன் குதிரையை ஓட்டிக்கொண்டு போகலாம்.

ஸ்ட்ரிக்லியின் லாயத்தில் பூட்ஸில் மாட்டிய குதிமுள்ளால் விலா கிழியாத குதிரை கிடையாது. போதை தெளிந்ததும் டின்டாலுக்கு அது நினைவுக்கு வந்தது. ஆனாலும் பின்வாங்கினால் அந்த வட்டாரத்தில் தலைகாட்ட முடியாதே! பாழாய்ப்போன கௌரவம்.

பந்தயத்தின் பாதியில், ஓடையருகே ஸ்ட்ரிக்லி வேண்டுமென்றே பக்கவாட்டில் மோதினான். அவன் சாட்டை டின்டாலின் கண்ணுக்குக் கீழே தோலைப் பிய்த்தது. கெஸ்ட்ரல் கரையில் முட்டிக் குப்புற விழுந்தது. டின்டாலின் காறையெலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. விழுந்தவன் மறுபடி ஏறி ஓட்டலாம் என்பது விதி. ஒற்றைக் கையால் ஏறினான்.

"இவளை உன்கிட்ட விடமாட்டேன்டா!"

கத்திக்கொண்டே கெஸ்ட்ரலின் விலாவில் குதிமுள்ளை அழுத்தினான். ஒவ்வொரு தடுப்பிலும் அழுத்தினான். கடைசிப் புதர்வேலியில் ஸ்ட்ரிக்லியை எட்டிப் பிடித்து, சாட்டைக் கட்டையால் அவன் வாயிலேயே ஒன்று வைத்தான். பல் தெறித்தது. கனவான்கள் இதற்கெல்லாம் புகார் சொல்ல மாட்டார்கள். கெஸ்ட்ரல் ஒரு கழுத்து நீளம் முந்தி ஜெயித்தது.

பந்தயம் முடிந்தபின் சேணத்தோடு எடை சரிபார்க்கும்வரை சவாரிக்காரனை யாரும் தொடக்கூடாது. தொட்டால் ஜெயித்தது செல்லாது. சேணத்தை அவனே கழற்றிச் சுமக்க வேண்டும். வாரைப் பல்லால் இழுத்துக் கழற்றினான். பத்தடி போவதற்குள் கீழே விழுந்தான். ரத்த வாயோடு ஸ்ட்ரிக்லி கரிசனமாக வந்தான்.

"அடடா, பாவம்! எந்திரிப்பா, கையக் குடு."

டின்டாலின் குதிரைக்காரன் ஓபெட் கிரிக் குறுக்கே பாய்ந்தான். "தள்ளுங்க துரை! எங்க ஐயா மேல கை பட்டுச்சு, மூஞ்சியப் பேத்துடுவேன்."

மேஜரிடம் ஒரு லாயக்காரன் இப்படிப் பேசுவதா! எல்லார் பார்வையும் ஓபெட் மேல் போயிற்று. அந்த இடைவெளியில் டின்டால் சேணத்தை இழுத்துக்கொண்டே தவழ்ந்து போய்த் தராசில் உட்கார்ந்தான்.

"எடை சரி," என்றார் எழுத்தர்.

"ஓபெட், இப்பப் பிடி என்னை. அவகிட்டக் கூட்டிட்டுப் போ."

கெஸ்ட்ரல் நுரை தள்ளி நின்றது. அதன் இரண்டு விலாவும் நார்நாராகக் கிழிந்திருந்தன. ஸ்ட்ரிக்லிகூட எந்தக் குதிரையையும் இப்படிக் கிழித்ததில்லை. டின்டால் அதன் கழுத்தைத் தடவக் கை நீட்டினான். அது காதுகளை மடக்கிப் பின்னால் துள்ளியது.

"ரெண்டு நாள் போனா சரியாயிடும்யா," என்றான் ஓபெட், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

டின்டால் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தான். குதிமுள் குலுங்கியதும் கெஸ்ட்ரல் நடுநடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.