விரல் பள்ளங்கள்

பிஸ்டல் கைப்பிடியின் கடைசி மேட்டையும் அரம் தின்று முடித்தபோது வெண்டெல் குருப்காவின் காதில் கைத்தட்டல் கேட்டது. கேரேஜில் அவரைத் தவிர இருந்தவை புல்வெட்டும் இயந்திரமும் ஒரு பழைய ஃப்ரிட்ஜும்தான். அவை தட்டியிருக்க வாய்ப்பில்லை.

பென்சில்வேனியாவின் அந்தச் சிற்றூரில் வாரநாட்களில் அவர் காப்பீடு விற்பவர், ஞாயிறுகளில் கலைஞர். பிஸ்டலின் பிளாஸ்டிக் கைப்பிடியை அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குவார். அப்புறம் சூட்டுக்கோல் முனையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகக் குத்தி அதே இடத்தைச் சொரசொரப்பாக்குவார். 'குருப்கா கஸ்டம்' என்று தொப்பிகூட அச்சடித்து வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொள்ளும் தலை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

இன்று மேஜையில் கிடந்தது மனைவி லோர்னாவின் பிஸ்டல். அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் பிறந்தநாள் பரிசு. கைப்பிடியின் முன்பக்கம் விரல்கள் உட்காரக் கம்பெனியே வைத்திருந்த மேடு பள்ளங்கள்மீது வெண்டெலுக்குக் கொள்கை விரோதம். "யார் விரலை அளந்து இதை வார்த்தான்? உலகத்துல ஒருத்தருக்கும் பொருந்தாது" என்று துப்பாக்கிச் சங்கத்தில் அவர் பேசாத கூட்டமில்லை.

போன மாதம் சங்கத்தில் நடந்த குறிசுடும் போட்டியில் லோர்னா முதலாவது வந்தாள். வெண்டெல் எங்கோ வந்தார். "வாத்தியாரே, உன் குறி அட்டையில இருக்கற ஓட்டையும் லோர்னா பாவம் பாத்துப் போட்டதாமே?" என்று சங்கத்து நண்பன் வெர்ன் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். வெண்டெல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அரம் முதல் மேட்டைக் கடித்தபோது அந்தச் சிரிப்பு ஒரு கணம் நினைவுக்கு வந்தது. பல்லுக்கடியில் ஏதோ இனித்தது. பரிசு கொடுக்கப்போகும் சந்தோஷம் என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டு மேலே ராவினார்.

அக்கா வீட்டிலிருந்து திரும்பிய லோர்னா பிஸ்டலைக் கையில் வாங்கினாள். குண்டில்லை என்று பார்த்துவிட்டுப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள். விரல்கள் மேலும் கீழும் நகர்ந்து, இடம் கிடைக்காமல் நின்றன.

"மேடு எங்க?"

"எடுத்துட்டேன். அது யாருக்குமே..."

"எனக்குப் பொருந்துச்சு வெண்டெல். கண்ண மூடிட்டு எடுத்தாலும் விரல் தானாப் போய் உக்காரும். அதுக்காகத்தானே கடைகடையா ஏறி இதை வாங்கினேன்?"

"உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்..."

"ஆச்சரியமாத்தான் இருக்கு." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ராவிய பிளாஸ்டிக் திரும்ப வராது. சட்டைக் கையில் அதன் கருப்புத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமைப் போட்டியில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். கைப்பிடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொண்டு லோர்னா சுட்டாள். ஒவ்வொரு தடவை உறையிலிருந்து எடுத்தபோதும் அவள் விரல்கள் ஒரு கணம் தேடின. தேடியது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. கடைசியில் அவளுக்கு மேலே நான்கு பேர் இருந்தார்கள்.

சங்கத்துக் கூடத்தில் பியரோகிக் கொழுக்கட்டைத் தட்டோடு வந்த வெர்ன், லோர்னாவின் கைப்பிடியில் இருந்த டியூபை உருட்டி விலக்கிப் பார்த்தான். "அடேங்கப்பா! என்னா நுணுக்கம்! இதையெல்லாம் நீயேவா பண்ணின, வாத்தியாரே?"

அவள் இப்போது சொல்லிவிடட்டும் என்று வெண்டெல் வேண்டிக்கொண்டார். நாலு பேர் முன்னால் திட்டிவிட்டால் நிம்மதியாகப் போய்விடும்.

"எல்லாம் அவர் கைவேலைதான்," என்றாள் லோர்னா. "எவ்வளவு பொறுமையாச் செஞ்சிருக்கார் பாரு."

"எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுப்பா!"

வெண்டெல் தொப்பியைக் கழற்றி, எழுத்து உள்ளே போகும்படி மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது லோர்னா ஓட்டினாள். வெண்டெல் பக்கத்து இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் வளையத்தின் அடிப்பக்கம், விரல்களுக்காக யாரோ செய்துவைத்த சின்னச் சின்ன மேடுகள். சாலையைப் பார்த்துக்கொண்டே அவள் பிடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக, தேடாமல், போய் உட்கார்ந்தன.