எடை மேடைக்குப் போன தங்கை

விண்ணப்பத்தை நிரப்பியது அக்காதான். தன் தையல் கடையின் வெட்டுமேசை மேல் வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே நிரப்பினாள். அக்கா நூற்றுப் பன்னிரண்டு கிலோ, தங்கை நூற்றொன்பது. தெருவில் அவர்களைப் பெரிய குண்டு, சின்ன குண்டு என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் யாருக்கும் உறைக்காத அளவுக்குப் பழகிவிட்ட பெயர்கள்.

'எடை மேடை' ஒரு தொலைக்காட்சிப் போட்டி. பதினாறு வாரத்தில், தன் எடையில் யார் அதிக சதவீதம் குறைக்கிறாரோ அவருக்கு ஒரு கார். அக்காவுக்குக் கார் மேல் பெரிய ஆசை இல்லை. மாடிப்படியில் நடுவே நின்று கைபேசியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கத் தேவையில்லாமல், ஒரே ஏற்றத்தில் ஏறிப்போக வேண்டும். அதுதான் ஆசை.

நேர்காணலில் ஒரு பெண் அதிகாரி கேட்டாள். "உங்க வாழ்க்கையில பெரிய கஷ்டம்னா எதைச் சொல்வீங்க?"

அக்கா நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர், நல்ல மனுஷன். கடை ஓடுகிறது. "மாடிப்படிங்க" என்றாள்.

அதிகாரி சிரித்தாள். ஆனால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

தங்கை உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்து, வீங்கிய கண்களோடு வெளியே வந்தாள். அவளிடம் சொல்லக் கதை இருந்தது. கல்யாணமான இரண்டாம் வருடம், 'உன்கூட நடந்து வரவே கூச்சமா இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போன புருஷன் திரும்பி வரவே இல்லை. பத்து நாளில் தங்கைக்கு மட்டும் அழைப்பு வந்தது.

"அக்கா, உன்னை எடுக்கலையாம்" என்று போனில் இழுத்தாள்.

"அதனால என்ன? ரெண்டு பேர்ல ஒருத்தராவது போறோமே. நீ போ, நல்லபடியா பண்ணு" என்றாள் அக்கா. குரலில் ஒரு பிசிறும் இல்லை. போனை வைத்துவிட்டு, கையிலிருந்த பாவாடையின் ஓரத்தைத் தைத்தாள். கோணலாகப் போயிற்று. பிரித்துத் தைத்தாள். மறுபடியும் கோணல்.

கடை ஒரு வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தது. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிரித்துவிடுவது, அவ்வளவுதான் வேலை. எதிரே கைபேசி பழுது பார்க்கும் கடையில் பெரிய தொலைக்காட்சி. வாரம் ஒருநாள் மாலை ஏழு மணிக்கு 'எடை மேடை' ஆரம்பித்தால் அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் நின்றுவிடுவார்கள்.

"டிவில வர்றது உங்க தங்கச்சியாமே?" என்று கேட்பார்கள்.

"ஆமா."

"கூடப்பிறந்தவங்களா?"

இந்த இரண்டாவது கேள்விதான் அவளைச் சுருக்கென்று குத்தும். நான்கு வாரத்தில் தங்கை பதினொரு கிலோ இளைத்திருந்தாள். கன்னம் வடிந்து, மூக்கு எடுப்பாகத் தெரிந்தது. அது தன்னுடைய மூக்கும்தான் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் அதை அப்படி வெளியே எடுத்துக் காட்ட அவளை யாரும் கூப்பிடவில்லை.

அவளும் தன் பங்குக்கு முயன்றாள். வேகவைத்த காய்கறியும் வெள்ளரிக்காயுமாக ஒரு மாதம் ஓட்டி மூன்று கிலோ குறைத்தாள். கவனித்தவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். "என்ன, ரெண்டு நாளா வாடித் தெரியற? உடம்பு சரியில்லையா?" என்றார்.

ஆறாம் வாரம் தங்கைக்கு முந்நூறு கிராம்தான் குறைந்தது. தராசின் முன்னால் அவள் உடைந்து அழுததை அக்கா எதிர்க்கடை வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து, ஒரு மாதமாகத் தொடாத சர்க்கரை போட்டு ஒரு தேநீர் குடித்தாள். அவ்வளவு ருசியாக இருந்தது. தன்னைத் தானே நினைத்து வெட்கப்பட்டாள். ஆனாலும் குவளையைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தாள்.

எட்டாம் வாரம் நிகழ்ச்சியின் உடைப் பிரிவிலிருந்து ஒரு பெண் கடைக்கே வந்தாள். "உங்க தங்கச்சியோட பழைய பேன்ட் ஒண்ணு வேணும். மேடையில தூக்கிக் காட்டணும்" என்றாள்.

அக்கா வீட்டிலிருந்து எடுத்துவரச் செய்து கொடுத்தாள். இடுப்பு நாற்பத்தாறு அங்குலம். அந்தப் பெண் விரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கேமராவுல இது சின்னதா தெரியும். இதே மாதிரி துணியில ஐம்பத்தாறுல ஒண்ணு தைச்சுக் குடுங்களேன். புதுசு மாதிரி இருக்கக் கூடாது. நாலஞ்சு தடவை துவைச்சுடுங்க."

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. தைத்தாள். துவைத்தாள். முழங்கால் பக்கம் உரசி வெளுக்கவும் வைத்தாள். எடுத்த வேலையில் குறை வைக்க அவளுக்கு வராது. அதோடு, தங்கை ஊர் முன்னால் காட்டப்போகும் வெற்றியில் பத்து அங்குலம் பொய் என்பது தனக்கு மட்டும் தெரியும் என்ற நினைப்பு உள்ளே இதமாக இருந்தது.

பதினோராம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போட்டியாளர்களைத் தங்க வைத்திருந்த முகாமிலிருந்து தங்கைக்கு விடுப்பு கொடுத்தார்கள். காலையில் வந்தாள். உதடு வெடித்திருந்தது. தலை வாரினாள், சீப்பில் ஒரு கொத்து முடி வந்தது. அக்கா சூப் கொண்டுவந்து வைத்தாள். தங்கை தொடவில்லை.

"நாளைக்கு எடை பாக்கறாங்கக்கா. நேத்துலேர்ந்து தண்ணியே குடிக்கல."

"யாரு குடிக்க வேண்டாம்னது? உங்க பயிற்சி மாஸ்டரா?"

"அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். 'ஜெயிக்கணும்னு நினைக்கறவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும்'னு மட்டும் சொல்வார். நாங்களா புரிஞ்சுக்கறதுதான். பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கிட்டு நீராவி அறையில உக்காந்தா ஒரு கிலோ போயிடும்."

"டாக்டர்னு ஒருத்தர் டிவில வர்றாரே?"

"வருவார். கையெழுத்து வாங்கிட்டுப் போவார்." தங்கை குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு மாசமா எனக்குப் பீரியட்ஸ் வரல."

பிறகு பேச்சு, போட்டியில் அவளோடு மிச்சமிருந்த மற்றொருவர் மேல் போயிற்று. அவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். சொன்னதைச் சாப்பிட்டு, வேளாவேளைக்குத் தண்ணீர் குடித்து, அலட்டிக்கொள்ளாமல் வாரம் இரண்டு கிலோ குறைத்துக்கொண்டிருந்தார். தொகுப்பாளர் அவரை 'ஆமை' என்று அழைப்பார். பார்வையாளர்கள் சிரிப்பார்கள்.

தண்ணீர் குடிக்காத விஷயத்தைக் கேட்டதும் அக்காவுக்கு முதலில் வந்தது கவலை அல்ல. 'ஓஹோ, இவள் ஒழுங்காக இளைக்கவில்லை' என்ற சந்தோஷம்தான். அது அடங்குவதற்குள் தங்கை எழுந்து நின்றாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே எலும்பு லேசாகக் கோடு போட்டது. அவள் போன பிறகு அக்கா கண்ணாடி முன் நின்று தன் கழுத்தடியை விரலால் தடவிப் பார்த்தாள். எங்கோ ஆழத்தில் அவளுக்கும் அந்த எலும்பு இருக்கத்தான் வேண்டும்.

'இனிமேல் போகாதே' என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் பொறாமை என்பாளோ என்று பயந்தாள். அது பாதிதான். எவ்வளவு தூரம் போகிறாள், பார்ப்போமே என்ற எண்ணம் மீதிப் பாதி.

பதினைந்தாம் வாரம் குடும்பத்தாரை மேடைக்கு அழைத்தார்கள். அக்காவுக்கு முகப்பூச்சு போட்டு, உடம்பைப் பிடிக்கும் கோடு போட்ட சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். தானே கொண்டுவந்த தளர்ந்த சட்டையைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றார்கள். விளக்குகள் எரிந்தன. தங்கைக்குப் பக்கத்தில், தோளோடு தோள் உரச அவளை நிறுத்தினார்கள். இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று தங்கை காதருகே முணுமுணுத்தாள்.

தொகுப்பாளர் ஆரம்பித்தார். "ஒரே வீட்டுப் பிள்ளைங்க. ஒரே சாப்பாடு. ஒருத்தங்க மாறணும்னு முடிவெடுத்தாங்க. இன்னொருத்தங்க..." என்று நிறுத்தி, கையை அக்கா பக்கம் நீட்டினார். கூட்டம் சிரித்தது. பிறகு தங்கைக்காகக் கைதட்டியது.

அப்போதுதான் அக்காவுக்கு விளங்கியது. தன்னைக் கூப்பிட்டது தங்கையைப் பாராட்டுவதற்கு அல்ல. தங்கையின் பழைய புகைப்படத்துக்குப் பதிலாகத் தன்னையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பேன்ட் வந்தது. தங்கை அதை விரித்துப் பிடித்து, ஒரே காலுக்குள் முழு உடம்பையும் நுழைத்துக் காட்டினாள். தொகுப்பாளர் ஒலிவாங்கியை அக்காவிடம் நீட்டினார். "இது ஞாபகம் இருக்காக்கா?"

"நல்லா இருக்கு. நான் தைச்சதாச்சே."

"அப்போ உங்க தங்கச்சி இதைப் போட்டுக்கிட்டு நடந்தப்போ..."

"அவ இதைப் போட்டதே இல்லைங்க. அவ இடுப்பு நாப்பத்தாறு. இது ஐம்பத்தாறு. ஏழு வாரத்துக்கு முன்னாடி நீங்க கேட்டு வாங்கிட்டுப் போனது." அக்காவுக்கு நிறுத்த முடியவில்லை. "நாளைக்கு எடை பாக்கறதுக்காக ரெண்டு நாளா தண்ணி குடிக்காம நிக்கிறா. அதையும் கேளுங்க."

எங்கிருந்தோ இயக்குநரின் குரல், "கட். விளக்கைக் குறைங்க" என்றது. ரொட்டிக்கடைக்காரர் மேடையின் மறுகோடியில் தன் மனைவியோடு நின்று, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாழ்வாரத்தில் தங்கை அவளைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் பூச்சுக்குக் கீழே வெளுத்திருந்தாள்.

"நியாயத்துக்காகவா பேசின?"

"நான் சொன்னது எது பொய்?"

"பொய்யான்னு கேக்கல. எதுக்காகப் பேசினன்னு கேட்டேன்."

அக்கா அந்தக் கோடு போட்ட சட்டையைக் கழற்றிக் கொடுக்கப் போனாள். அந்த வாரம் ஒளிபரப்பில் அவள் பேசிய ஒரு வார்த்தையும் வரவில்லை. வெளிச்சத்தில் கலங்கிய அவள் கண்களை மட்டும் காட்டி, வயலின் இசை போட்டு, 'தங்கையின் வெற்றியில் நெகிழும் அக்கா' என்று கீழே எழுதியிருந்தார்கள். கடைக்கு வந்தவர்கள், "பாக்கவே மனசு நிறைஞ்சுது" என்றார்கள்.

இறுதிச் சுற்றில் தங்கை ஜெயித்தாள். எண்பத்திரண்டு கிலோ. ரொட்டிக்கடைக்காரர் தோற்றது கால் கிலோவுக்கும் குறைவான வித்தியாசத்தில். ஒரு குவளை தண்ணீரின் எடை.

மூன்றாம் நாள், பல் மருத்துவமனையில் தன் வரவேற்பு மேசைக்குத் திரும்பியிருந்த தங்கை, நாற்காலியிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது என்றார்கள். ஆறு நாள் பெரிய மருத்துவமனையில் கிடந்தாள். அக்கா கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே இருந்தாள். செவிலியர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். கையில் ஊசி குத்திப் படுத்திருப்பவளைப் பார்த்துக்கூட அக்காவுக்கு உள்ளே எரியத்தான் செய்தது. ஒரு செவிலி கைபேசியை நீட்டி, "நீங்க கொஞ்சம் எடுத்துக் குடுக்கறீங்களா?" என்றபோது அவளே படம் எடுத்துக் கொடுத்தாள்.

நான்காம் நாள் மத்தியானம் தங்கை கூரையைப் பார்த்தபடி பேசினாள்.

"அக்கா, அவங்க முதல்ல நம்ம ரெண்டு பேரையும்தான் கேட்டாங்க. அக்கா தங்கச்சி ஜோடின்னா நல்லா எடுபடும்னாங்க. நான்தான் தனியா வர்றேன்னு சொன்னேன்."

அக்காவின் கை போர்வையை மடித்துக்கொண்டிருந்தது. நின்றது. "ஏன்?"

"உனக்கு வீட்டுக்காரர் இருக்கார். கடை இருக்கு. என்னை மாதிரியேதான் இருக்க, ஆனா உன்னை யாரும் விட்டுட்டுப் போகல. இது ஒண்ணாவது எனக்கு மட்டும் இருக்கட்டும்னு தோணுச்சு. உன்னைப் பாத்தாலே எனக்கு எரியும்க்கா. ரொம்ப வருஷமா."

அக்கா எழுந்து வெளியே போனாள். தாழ்வாரத்து இயந்திரத்தில் ஒரு காபி பிடித்து, ஆறிப்போகும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தங்கையின் கன்னத்தில் நாலு அறை விட வேண்டும்போல இருந்தது. அதே சமயம், நாற்பத்தொரு வயதில் முதல் தடவையாகத் தன்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள் என்பது பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் மேடையில பேசினது நியாயத்துக்காக இல்ல" என்றாள்.

"தெரியும்."

"நீ அழுத வாரம் நான் சர்க்கரை போட்டு டீ குடிச்சேன்."

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. பிறகு அழுதாள். அக்கா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். முழுவதும் குடிக்கும்வரை குவளையை விடவில்லை.

வீடு திரும்பிய வாரமே இருவரும் ரொட்டிக்கடைக்காரரைப் பார்க்கப் போனார்கள். காலை வியாபாரம் முடிந்து அவர் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கை மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர், நீராவி அறை, பேன்ட். காரை அவருக்கே தந்துவிடுவதாகவும் சொன்னாள்.

அவர் கொஞ்ச நேரம் துணியை மடித்து மடித்து வைத்தார். "கார் வேண்டாம்மா. முதல் நாள் எடை பாத்தாங்கல்ல, அன்னிக்கு நான் ஆறு லிட்டர் தண்ணி குடிச்சுட்டுத்தான் தராசுல ஏறினேன். ஒரு பாக்கெட் உப்பு பிஸ்கட் வேற. ஆரம்பத்துல கூட இருந்தாத்தானே பின்னாடி நிறைய இளைச்ச மாதிரி இருக்கும்."

"அப்புறம் ஏன் கடைசில மட்டும் ஒழுங்கா தண்ணி குடிச்சீங்க?" என்றாள் அக்கா.

"சாகப் பயம். ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க." அவர் தங்கையைப் பார்த்தார். "அதுக்காக உங்க மேல கோபமே இல்லைன்னு சொல்லமாட்டேன். டிவியில உங்க முகம் வந்தா இப்பவும் மாத்திடுவேன். என்னை ஆமைன்னாங்க, உங்களைச் சிங்கம்னாங்க. அது அவ்வளவு சீக்கிரம் போகாது."

ஆனால் புகார்க் கடிதம் எழுதியபோது அவரும் கையெழுத்துப் போட்டார், தன் ஆறு லிட்டரையும் சேர்த்து எழுதச் சொல்லி. நிறுவனத்திலிருந்து வந்த பதிலில் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு எண் மட்டும் இருந்தது. வெளியே பேசினால் வழக்கு என்று பொருள். ஒரு செய்தித்தாள் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டது. அடுத்த வருடம் 'எடை மேடை' வழக்கம்போல ஆரம்பித்தது. விண்ணப்பங்கள் இரண்டு மடங்கு என்றார்கள்.

தங்கை அந்த ஒரு வருடத்தில் மறுபடி தொண்ணூற்றாறு கிலோவுக்கு ஏறியிருக்கிறாள். முடி மறுபடி அடர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து, மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். அக்கா தன் பாட்டுக்கு எட்டு கிலோ குறைத்திருக்கிறாள். அதைத் தங்கையிடம் சொல்லவில்லை. போன ஞாயிறு வாசலில் நின்ற தங்கையின் பார்வை அவள் இடுப்பில் ஒரு கணம் தங்கியது.

"புதுச் சட்டையா?" என்றாள் தங்கை.

"பழசுதான். கொஞ்சம் பிடிச்சிருக்கேன்" என்றாள் அக்கா.