குரல்வளைக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சையில் தவறு நடந்தால் வழக்குப் போடுவது எப்படி என்று நான்கு பக்கத் துண்டுப் பிரசுரம் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள், இலவச சட்ட உதவி மையத்தில். மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ரயில் நிலைய அறிவிப்பாளரான ஒரு பெண் தன் தங்கையோடு உள்ளே வந்தார். பிரசுரம் அத்தோடு நின்றுபோனது.

2

'கட்டியை எடுக்கப் போன டாக்டர் குரலையும் சேர்த்து...' (வேண்டாம். இது தீர்ப்பு. இன்னும் விசாரணையே தொடங்கவில்லை.)

'பதினெட்டு வருடம் ஊரையே வழியனுப்பிய குரல், ஒரு நாள்...' (அழவைக்கப் பார்க்கிறது.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். கழுத்தில் தைராய்டு கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்த அறிவிப்பாளர் தண்ணீர் கேட்டார். பக்கத்திலிருந்த நர்ஸுக்குக் கேட்கவில்லை. "வீக்கம் வடிஞ்சா சரியாயிடும்" என்றார் டாக்டர். வீக்கம் வடிந்தது. மையத்துக்கு வந்தபோது, ஒன்றரை வருடமாக வாயிலிருந்து காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

நிலையத்தில் அவரைத் தொலைந்த பொருட்கள் பிரிவுக்கு மாற்றினார்கள். (இதை நான் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வைத்திருக்க மாட்டேன்.) அவருடைய பழைய பதிவுகள் சில இன்னும் ஒலிக்கின்றன. பனி மூடிய காலைகளில், குடைகளுக்கும் பைகளுக்கும் நடுவே உட்கார்ந்து, தன் குரல் தண்டவாளங்களின் மேல் மிதந்து போவதைக் கேட்பார். யாரோ தெரிந்தவர் பேசுவதுபோல இருக்குமாம்.

3

மையத்து வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

"குரல் போச்சுங்கறது மட்டும் போதாதும்மா. நல்லா செஞ்ச ஆபரேஷன்லகூட இப்படி ஆகலாம். உங்கள கவனமா பாத்துக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்துச்சு, அதுல பேச்சே இல்ல. ஆனா அதே வேலை தெரிஞ்ச இன்னொரு டாக்டர் எடுத்துக்குற கவனத்த இவர் எடுத்துக்கலன்னு காட்டணும். அதனாலதான் குரல் போச்சுன்னும் காட்டணும்."

அறிவிப்பாளரின் உதடுகள் அசைந்தன. தங்கை காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டேனேன்னு அக்கா கேக்குறா."

"ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சுதான் போட்டீங்க. கவனக்குறைவுக்கு யாரும் கையெழுத்துப் போடுறதில்ல. மொதல்ல ஆஸ்பத்திரி ரெக்கார்டு முழுசையும் எழுதிக் கேட்டு வாங்குங்க. ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம் தாண்டுனா வழக்கு போட முடியாது."

4

டாக்டரைக் கெட்டவராக்க நான் ரொம்பவே முயன்றேன். பிடிகொடுக்கவில்லை. கட்டி புற்றுநோய்க் கட்டி. உடனே எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரே அவர்தான்.

பதினோரு பக்க ரெக்கார்டு வந்தது. வேறொரு அறுவை சிகிச்சை நிபுணர் அதைப் படித்தார். குரல்வளைக்குப் போகும் நரம்பு தைராய்டை ஒட்டியே ஓடுகிறது. அதைத் தேடிக் கண்ணால் பார்த்த பிறகுதான் கத்தியை நகர்த்த வேண்டும்.

"நரம்பப் பாத்ததா ஒரு வரிகூட இல்ல" என்றார் நிபுணர். "எழுதலங்கறதால பாக்கலன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அவர் பதில் சொல்லித்தான் ஆகணும்."

வக்கீலம்மா எழுதித் தந்த மனுவை அறிவிப்பாளர் பல வாரம் தொடவில்லை. 'அவர்தானே என்னைக் காப்பாற்றினார்' என்று ஒரு தாளில் எழுதித் தங்கையிடம் நீட்டினார்.

"காப்பாத்துனாருக்கா. இல்லன்னு யார் சொன்னா? என்ன நடந்துச்சுன்னு கேக்குறதுல என்ன தப்பு?"

கெடு முடியப் பத்தொன்பது நாள் இருக்கும்போது கையெழுத்துப் போட்டார்.

5

நீதிமன்றம் முதலில் சமரசப் பேச்சுக்கு அனுப்பியது. நீளமான மேசை. எதிர்ப்பக்கத்தில் டாக்டர்.

முடிவை எழுதிப் பார்த்தேன். அன்று அவசரத்தில் இருந்ததாக டாக்டர் ஒப்புக்கொள்கிறார். அல்லது, நரம்பைப் பார்த்தேன், எழுதத்தான் மறந்தேன் என்கிறார். அது உண்மையாகவும் இருக்கிறது. அல்லது அறிவிப்பாளர் எழுந்து...

தங்கையிடமே கேட்டேன்.

"அக்கா பேசுனா. சத்தம் மேசையத் தாண்டல. டாக்டர் ஃபேன நிறுத்தச் சொன்னாரு. அப்பவும் கேக்கல. அவரோட வக்கீல் வேணாம்னு கையப் பிடிச்சும் எழுந்து, நாற்காலிய இழுத்துக்கிட்டு அக்கா பக்கத்துல வந்து உக்காந்தாரு."

"அப்புறம்?"

"உள்ள பேசுனத வெளிய சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் எழுதி வாங்கிட்டாங்க."

சட்டம் அப்படித்தான், நின்றுபோன பிரசுரத்துக்கான குறிப்பில் நானே அதை எழுதியிருக்கிறேன். ஆகவே கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே டாக்டர் தலையைச் சாய்க்கிறார், அறிவிப்பாளர் மூச்சை இழுக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. உங்களுக்கு ஏதாவது கேட்கிறதா?