ஜெபம் முடியும் வரை

மல்லிகா மறந்துவிட்டுப் போன ரொட்டி டப்பாவைக் கொடுக்க வேதவல்லி பள்ளிக்கூடத்துக்கு ஓடாமல் இருந்திருந்தால், அந்தச் சங்கதி அவளுக்கு எப்போது தெரிந்திருக்குமோ தெரியாது. 1969 நவம்பர் மாதம். மியூனிக்கில் காலை எட்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருந்தது. முதல் மாடி நடையில் குழந்தைகளின் கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. கடைசிக் கொக்கிக்கு அருகில், சுவரோடு ஒட்டிக்கொண்டு அவளுடைய ஏழு வயது மகள் நின்றாள். மூடிய கதவுக்குப் பின்னால் வகுப்பே சேர்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

என்ன தப்புப் பண்ணினாய் என்றுதான் வேதவல்லி முதலில் கேட்டாள். ஒன்றும் பண்ணவில்லை, ஜெபம் முடியும்வரை தினமும் இப்படித்தான் என்றாள் மல்லிகா. பள்ளி திறந்த செப்டம்பரிலிருந்தே இப்படித்தானாம். அலுப்புத் தட்டாமலிருக்கக் கோட்டுப் பொத்தான்களை எண்ணுவாளாம். அதையும் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னாள். அதுதான் வேதவல்லிக்குத் தாங்கவில்லை.

காரணம் அவள் கணவன் உமாபதி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒளியியல் ஆராய்ச்சி செய்பவன். சுயமரியாதைக் குடும்பத்தில் வளர்ந்து, கல்லூரி நாளிலேயே சாமி இல்லை என்று முடிவுகட்டியவன். பேர் மட்டும் சிவன் பேர் என்று வேதவல்லி சீண்டினால், அது பாட்டி வைத்தது, என்னைக் கேட்டா வைத்தார்கள் என்பான். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் வழியில் அவளுடைய முருகன் படத்துக்குப் பூ வாங்கி வருவதும் அவன்தான். அவன் கும்பிடவில்லையே என்று அவளோ, அவள் கும்பிடுகிறாளே என்று அவனோ ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

பள்ளி விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தான். மகளை ஜெபத்திலும் சமய வகுப்பிலும் சேர்க்க வேண்டாம் என்று ஒரு கடிதமும் கொடுத்திருந்தான். மற்ற பிள்ளைகள் ஜெபிக்கும்போது அவள் தன் இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வெளியே நிறுத்துவார்கள் என்று அவன் கண்டானா?

மறுநாளே அரைநாள் விடுப்புப் போட்டுத் தலைமையாசிரியரைப் பார்த்தான். வெறுங்கையோடு திரும்பி வந்தான். அது பாதிரிமார் நடத்தும் பள்ளி அல்ல, அரசாங்கப் பள்ளிதான். ஆனாலும் குழந்தைகளுக்குத் தெய்வபக்தி ஊட்ட வேண்டும் என்று இந்த மாநிலத்தின் அரசியல் சட்டமே சொல்கிறது என்றாராம் தலைமையாசிரியர். நாற்பது பேர் எழுந்து நின்று ஜெபிக்கும்போது ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தால் அது மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றாராம்.

"வேற மதம்னா பரவாயில்லையாம். உள்ளேயே நின்னு அவங்க சாமியை நினைச்சுக்கலாமாம்," என்றான் உமாபதி. "சாமியே இல்லைன்னாத்தான் வராந்தாவாம்."

"அப்போ இந்துன்னு எழுதிக் குடுங்களேன். உங்களுக்கு என்ன போகுது?"

"வகுப்புக்குள்ள ஒரு இடத்துக்காகப் பொய் எழுதச் சொல்றியா வேதா?"

அவனுக்குத்தான் அது பொய். தனக்குப் பொய்யில்லையே என்று பட்டது அவளுக்கு. இரண்டு நாள் மனசுக்குள் போட்டு உருட்டிவிட்டு, மூன்றாம் நாள் தானே பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். மதம்: இந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் கையெழுத்தில்தான் கோளாறு. ஊரில் அவள் உ. வேதவல்லி. ஜெர்மனிக்கு வந்த முதல் வாரமே, இங்கே கணவன் பேர்தான் குடும்பப் பேர், அது பின்னால்தான் வரும் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து வே. உமாபதி என்றே கையெழுத்திட்டுப் பழகியிருந்தாள். பேருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தைப் பள்ளியில் யார் கவனிக்கப்போகிறார்கள்? தகப்பன் மனம் மாறிவிட்டார் என்று கோப்பில் ஏறிவிட்டது.

மல்லிகா உள்ளே வந்தாள். மற்ற பிள்ளைகள் விரல்களைக் கோத்துக்கொள்ள, இவள் மட்டும் வணக்கம் சொல்வதுபோல் உள்ளங்கைகளைச் சேர்த்து நின்றாளாம். வீட்டில் வேதவல்லி முருகனுக்கு ஒரு விளக்குக் கூடுதலாக ஏற்றினாள். பள்ளிக்காரர்களே மனமிரங்கிப் பிள்ளையை உள்ளே விட்டுவிட்டார்கள் என்று உமாபதி நினைத்துக்கொண்டான். கணவனிடம் இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று வாரம் போயிற்று.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெற்றோர் கூட்டம் வந்தது. கூடம் நிறைய ஆட்கள். தலைமையாசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உமாபதியின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். கடவுளிடம் திரும்பி வர ஒரு தகப்பனுக்குத் துணிச்சல் வேண்டும், உங்களை மதிக்கிறேன் என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். உமாபதி மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். இல்லை, தவறு என்று அந்த இடத்திலேயே அவன் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லார் முன்னாலும் பொய்க்காரி ஆகிறவள் அவள் என்பதால் சொல்லவில்லை.

ட்ராமில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தான்.

"உனக்கு சாமி உண்டுன்னு நீ சொன்னா யார் தடுத்தா? எனக்கு உண்டுன்னு சொல்லிட்டியே."

"பிள்ளை குளிர்ல நிக்குதேன்னுதாங்க..."

"தெரியும்," என்றான். அதற்குமேல் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் அவளே தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றாள். எழுதியது நான், நம்புகிறவள் நான், என் கணவர் மாறவில்லை என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் திக்கித் திணறிச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. நாற்காலி கொடுத்து உட்காரவைத்தார். அப்பா அம்மா இரண்டு பேரும் ஒப்பினால்தான் அந்தக் கட்டத்தில் ஒரு மதத்தை எழுத முடியும் என்றார். பிறகு மேசைக்குமேல் குனிந்து, ரொம்ப அன்பாகவே சொன்னார்:

"நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். குழந்தைக்காகவாவது அவர் இறங்கி வருவார்."

எத்தனையோ வருஷமாக அவளும் முருகனிடம் அதைத்தான் வேண்டியிருக்கிறாள்: அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று. இப்போது அதே வேண்டுதல் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. நடையில் நிற்கும் பிள்ளையைக் காட்டி ஒரு மனிதனைச் சாமியிடம் இழுத்து வருவதா? அப்படி வருகிறவனை எந்தத் தெய்வம் ஏற்றுக்கொள்ளும்? அப்படி இழுத்துவரச் சட்டத்தில் எழுதிவைக்கிற அரசாங்கத்துக்குத் தெய்வத்தைப் பற்றி என்ன தெரியும்?

"நான் எழுதியதை அடித்துவிடுங்கள்," என்றாள்.

"ஆனால் நீங்கள் நம்புகிறவராயிற்றே, அம்மா."

"ஆமாம். அதனால்தான்."

அவருக்கு அது விளங்கவில்லை. கோப்பிலிருந்த அந்தத் தாளையும் பேனாவையும் எடுத்து அவளிடமே நீட்டினார். அவள் தன் கையாலேயே இந்து என்ற சொல்லைக் கோடிட்டு அடித்தாள். நம்பிக்கையுள்ள ஒரு பெண் செய்கிற காரியமா இது என்று மனசு கேட்டது. ஆனாலும் கோடு நேராகத்தான் விழுந்தது.

அடுத்த திங்கட்கிழமை மல்லிகா மறுபடி நடையில் நின்றாள். இந்தத் தடவை வேதவல்லியும் கூட நின்றாள். வகுப்பாசிரியை ஓபர்மையர், தலை நரைக்கத் தொடங்கிய அம்மாள், இருவரையும் பார்த்தார். விதியை மாற்ற அவரால் முடியாது. உள்ளே போகும்போது கதவை முழுக்கச் சாத்தாமல் ஒரு சாண் திறந்தபடி விட்டுப் போனார், உள்ளே இருக்கும் சூடு கொஞ்சம் வெளியே வரட்டும் என்று. வேதவல்லி அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள். சூடு வந்தது. கூடவே ஜெபமும் வந்தது.

மல்லிகா அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நீ உள்ள போ. உனக்குத்தான் சாமி இருக்கே."

வேதவல்லி போகவில்லை. கை கூப்பவும் இல்லை. கதவிடுக்கு வழியே சுவரில் தொங்கிய சிலுவையும், அதன் கீழே எழுந்து நின்ற பிள்ளைகளின் முதுகுகளும் தெரிந்தன. ஆமென் என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லி முடிக்கும்வரை அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.