மேடையேறும் முன் சொல்லக்கூடாத சொல்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காபி ஆறினால் ஆறட்டும். ஊரையே அழவைத்த ஒருத்தி ஒரே ஒரு சொல்லில் இடறி விழுந்த கதையைச் சொல்கிறேன்.

கோத்தன்பர்க் துறைமுகத்தில் மீன் விற்றவரின் மகள் தோரா. நடிக்கும் ஆசையில் இளவயதிலேயே ஸ்டாக்ஹோமுக்கு வந்து ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் நாடகத்தன்று திரைக்குப் பின்னால் தன் முறைக்காக நின்றவளைப் பின்புறத்தில் முழங்காலால் ஓர் இடி இடித்தான் ஒருவன். சூப்புத் தட்டோடு வந்துபோகும் வேலைக்காரன் வேடம் அவனுக்கு. பெயர் அல்கோட்.

“ஐயோ… நன்…” என்று தொடங்கினாள்.

“வாயை மூடு பொண்ணே! நன்றி கின்றின்னு சொல்லி எங்க பொழப்புல மண்ணைப் போட்டுடாதே. போ, போய்த் தொலை!”

அந்த ஊர் நாடகக்காரர்களின் வழக்கம் அது. வாயால் வாழ்த்தினால் ஆகாது. இடித்துத்தான் அனுப்ப வேண்டும். இடி வாங்கியவர் நன்றி சொன்னாலோ அன்றைய நாடகம் படுத்துவிடும்.

அந்த இடியோடு மேடைக்குப் போனவள்தான். அரசிகளாக நடித்தாள், பைத்தியக்காரிகளாக நடித்தாள், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாக நடித்தபோது கடைசி வரிசைக் கப்பல்காரர்கள்கூடத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அல்கோட் கடைசிவரை சூப்புத் தட்டுதான் ஏந்தினான். அவளைக் கட்டிக்கொண்டதும் அவன்தான். ஒவ்வொரு புது நாடகத்துக்கும் அவன் முழங்காலால் இடிப்பான். அவள் ஒன்றும் சொல்லாமல் போவாள். வாழ்நாள் முழுக்க அவள் அவனுக்குச் சொல்லாத சொல் ‘நன்றி’ ஒன்றுதான்.

ஒரு வசந்த காலத்தில் அல்கோட் நோயில் படுத்தான். டாக்டர் தோராவைச் சமையலறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். “கோடையைத் தாண்ட மாட்டார், அம்மா” என்றார்.

அவள் அதை அவனிடம் சொல்லக் கூடாது என்று முடிவு கட்டினாள். காரணம் இருந்தது. அவனுடைய அப்பா, நோயின் பெயரைக் கேட்ட அன்றே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே போனார். அல்கோட்டும் அப்படிச் சுவரைப் பார்த்துவிடக் கூடாது. ஆகவே வீட்டிலும் நடித்தாள்.

“கோடையில தீவு வீட்டுப் படகுக்கு என்ன சாயம் அடிக்கலாம் கிழவா?”

“பச்சை. போன தடவை நீ அடிச்ச சிவப்பைப் பார்த்து மீனெல்லாம் ஓடிப்போச்சு.”

சிரிப்பாள். சிரித்துவிட்டுக் காபி போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போய், துண்டைக் கடித்துக்கொண்டு அழுவாள்.

புது நாடகம் அரங்கேறும் நாள் வந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, அவன் கட்டிலருகே முதுகைக் காட்டி நின்றாள். போர்வைக்குள்ளிருந்து கால் வந்தது. இடித்தது. பூனை உரசியதைப் போலத்தான் இருந்தது.

“போ கிழவி, போய்த் தொலை.”

அந்தக் காலில் கனமே இல்லை என்பது அவள் நெஞ்சை அறுத்தது. “நன்றி, அல்கோட்” என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“டிராம் போயிடும், ஓடு” என்றான்.

அன்று கைதட்டல் ஓயவில்லை. மாலைகளையும் பூங்கொத்துகளையும் அங்கேயே போட்டுவிட்டு, முகப்பூச்சோடு வீட்டுக்கு ஓடினாள். அவன் முகம் மழித்து, கல்யாணச் சட்டை போட்டுத் தலையணையில் சாய்ந்திருந்தான்.

“பெரிய நடிகைங்கறாங்க உன்னை. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் வசனம் தப்பிட்டே.”

“வாய் தவறிடுச்சு…”

“சவப்பெட்டிமேல பூவை வச்சுட்டு, ‘எல்லாத்துக்கும் நன்றி’ன்னு சொல்லுவோமே, அந்தக் குரல்ல சொன்னே தோரா. டாக்டர் என்ன கெடு சொன்னார்?”

அவளால் நடிக்க முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

அல்கோட் மெல்லச் சுவர்ப்பக்கம் திரும்பினான். சற்றுப் பொறுத்துப் போர்வைக்குள்ளிருந்து அவன் கால் மட்டும் தேடிக்கொண்டு வந்தது; அவள் மடியில் தங்கியது. பிறகு அவன் பேசவில்லை. கோடைத் தொடக்கத்தில் லைலாக் பூக்கும்வரை உயிரோடு இருந்தான். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள்.

தேவாலயத்தில் ஒவ்வொருவராக அவன் சவப்பெட்டியருகே போய்ப் பூவை வைத்து, தலைகுனிந்து, “எல்லாத்துக்கும் நன்றி” என்றார்கள். கடைசியாகத் தோரா போனாள். லைலாக்கை வைத்தாள். அவள் குரலுக்காக எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

அவள் கறுப்புப் பாவாடையைச் சற்றுத் தூக்கி, முழங்காலால் பெட்டியை இடித்தாள்.

“போ கிழவா, போய்த் தொலை.”

பாதிரியார் திகைத்துப்போனார். நாடகக்காரர்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோரா அப்படியே காது கொடுத்து நின்றாள். பதில் வரவில்லை. வரக்கூடாது என்பதுதானே வழக்கம்! அதன்பின் அவள் அழுதாள். மேடையில் அழுகிற அழகான அழுகை அல்ல அது. மீன்காரர் மகள் வாய்விட்டு அழுத அழுகை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கட்டிலில் படுக்கிற கால்கள் எல்லாம் கனமாகவே இருக்கட்டும். சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்ல உங்கள் வீட்டார்க்கு வேளை தப்பாமல் கிடைக்கட்டும்.