நாற்பத்தேழாம் உருளையில் பேசியது யார்?

ஒலிக்காப்பகத்தில் அக்காவுக்கு வேலை, இசைத்தட்டு வருமுன் பாட்டுப் பதிந்த பழைய மெழுகு உருளைகளை அடையாளம் கண்டு சீட்டு எழுதுவது. விளிம்பில் ஊசியால் கீறிய எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பாள். பாட்டுக்கு முன்னால் ஒருவர் உருளை எண்ணையும் பாடகர் பெயரையும் உரக்கச் சொல்வார். அதையும் கேட்டு ஒத்துப் பார்ப்பாள்.

இதுவரை கேட்ட எண்ணூறு உருளைகளில் அறிவித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். நாற்பத்தேழில் மட்டும் கீச்சென்று ஒரு பெண் குரல்! அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாளில் நாலு பக்கக் கட்டுரை எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார் இயக்குநர்.

வியாழன் மதியம் தங்கை வந்தாள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் அவள். அக்கா பெருமையாக ஹெட்ஃபோனை மாட்டிவிட்டாள்.

"அக்கா, இந்தம்மா மாடிப்படி ஏறி ஓடி வந்தாங்களா?"

"ஏன்டி?"

"மூச்சு கோழிக்குஞ்சு மாதிரி இழுக்குது. பத்து வருஷமா மைக் முன்னாடி மூச்சு விடுறவ நான். வேகத்தைக் குறைச்சுப் பாரேன்."

"உருளைன்னா நிமிஷத்துக்கு நூற்றறுபது சுற்றுதான்."

"எல்லாமேவா?"

அக்கா ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கி ஒலிபெருக்கியைப் போட்டாள். மிகப் பழையவை மெதுவாகச் சுற்றும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே நடத்தும் முதல் பாடம் அது.

நூற்றிருபதுக்குக் குறைத்தாள். பெண்மணியின் குரல் கனத்தது. "உருளை நாற்பத்தி நாலு" என்றார் ஓர் ஆண்பிள்ளை.

"குரல்லயே மீசை தெரியுது!" தங்கை மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். போதாதென்று கட்டுரையை எடுத்து ராகம் போட்டு வாசித்தாள். "'நாற்பத்தி நாலு என்று சொல்லிவிட்டு, நாற்பத்தேழு என்று தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மை இப்பெண்மணிக்கே உரியது...'"

"குடுடி அதை!"

"இரு, இரு. நாலுக்கும் ஏழுக்கும் நடுவுல என்ன சத்தம்?"

"கீறல். சீட்டுல எழுதியிருக்கேன்."

"கீறல் 'ஐயோ'ன்னு சொல்லுமா?"

மறுபடி போட்டார்கள். கரகரப்புக்குப் பின்னால், தணிந்த குரலில் ஒரு பெண் படபடத்தாள்: "ஐயோ, ஏழுங்க, ஏழு!" ஆண்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "உருளை நாற்பத்தேழு" என்றார்.

தங்கை கூடச் சிரிக்கவில்லை. அக்கா நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள். வருத்தம் இருந்தது. ஆனால் அந்த "ஐயோ"வை இன்னும் நாலு தடவை கேட்டபோது அதுவும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அவள் வாசித்தது இரண்டே வரி: "அறிவித்தவர் ஆண். எண்ணைச் சரியாகச் சொன்னவர் பெண்."

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். அதே பெட்டியில் வந்த, இன்னும் கேட்காத முப்பத்தோரு உருளைகளையும் மெதுவாக ஓட்டிக் கேட்கச் சொன்னார். அக்கா தங்கைக்கு போன் போட்டு, "லீவு எழுதிக் குடுத்துட்டு வா" என்றாள்.

ஆறு உருளைகளில் அந்தத் தணிந்த குரல் இருந்தது. ஒன்றில், பாட்டு தொடங்கும் முன், பாடகரையே அதட்டிக்கொண்டிருந்தது: "கிட்ட வந்து நில்லுங்க, யாரும் கடிச்சிட மாட்டாங்க."