இருபத்து மூன்றாம் காட்சியின் இடக்கை

நவம்பர் மாதம் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. அன்றைய நாளிதழின் நான்காம் பக்கத்தில், ஒரு நடிகை குடித்துவிட்டுப் படப்பிடிப்புக்கு வந்தாள் என்று படத்துடன் ஒரு செய்தி வெளியாயிற்று. அது பொய். ஆறு ஆண்டுகள் கழிந்தும் அதற்கு ஒரு வரி மறுப்பு வரவில்லை. படித்தவர்களுள் ஒருவரேனும், 'இதை நாம் கண்ணால் கண்டோமா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகவும் தெரியவில்லை.

படத்தில் நடிகை ஒரு நாற்காலியில் சரிந்திருந்தாள். கண்கள் பாதி மூடியிருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கூந்தல் காதோரம் அவிழ்ந்து தொங்கியது. பார்த்த எவருக்கும் ஐயம் எழாது. ஆனால் காலைத் தேநீரோடு அதைப் பார்த்த ஒருத்தி மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். ஏனெனில் அந்தப் படத்தை எடுத்தவளே அவள்தான்.

படப்பிடிப்புத் தளத்தில் அவளை எல்லாரும் 'கண்டினியூட்டி அக்கா' என்றே அழைப்பார்கள். ஒரே காட்சியைத் துண்டு துண்டாகப் பல நாள்களில் எடுப்பார்கள் அல்லவா? முதல் துண்டில் நடிகர் எந்தக் கையால் கதவைத் திறந்தார், சட்டையில் எத்தனை பொத்தான்களைப் போட்டிருந்தார், கோப்பையில் தேநீர் எவ்வளவு இருந்தது என்று குறித்துவைத்து, அடுத்த துண்டிலும் அவை மாறாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அவளுடைய குறிப்பேட்டில் ஒரு பிழை நேர்ந்ததில்லை. "அக்கா வீட்டுக்காரர் முகத்தைக்கூட மறப்பாங்க, அவர் சட்டைப் பொத்தானை மறக்கமாட்டாங்க" என்று விளக்குக்காரர் கேலி செய்வதுண்டு.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு அவள் நடிகர்களைப் படம் பிடித்துக்கொள்வாள். அதில் அழகு பார்ப்பதில்லை. அடையாளம் தெரிந்தால் போதும். நாளிதழில் வந்ததும் அத்தகைய படமே. காதோரக் கூந்தல் தெரியவேண்டும் என்று இடப்பக்கத்திலிருந்து எடுத்தாள். அந்த நொடியில் நடிகை கண் சிமிட்டிக்கொண்டே ஏதோ பேச வாயெடுத்தாள். நடந்தது அவ்வளவே. படத்தின் மூலையில் அக்காவின் சிவப்புப் பென்சில் நுனிகூட விழுந்திருந்தது.

அன்று அவள் தளத்துக்குள் காலடி வைத்ததும் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். தயாரிப்பு நிர்வாகி நாளிதழை விசிறிபோல மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. உங்க போட்டோ பேப்பர்ல வந்திருக்கே, பார்த்தீங்களா? பிரமாதம்."

"நான் குடுக்கலை சார்."

"நீங்க குடுத்தீங்கன்னு நான் சொன்னேனா? பென்சில்தான் சொல்லுது."

விளக்குக்காரர்கூடச் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியைச் சுற்றி வழக்கமாக இருக்கும் இடைவெளி, அன்று இரண்டு மடங்காகியிருந்தது.

உண்மையைச் சொன்னால், நடிகையின்மேல் அவளுக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு மாதமாகவே கவனித்து வந்தாள். காலையில் கிண்ணென்று இருக்கும் நடிகை, உச்சிப்பொழுது சாய்ந்தால் தளர்ந்துபோவாள். படியில் கால் தடுக்குவாள். சொற்களைச் சற்றே இழுப்பாள். கூந்தல் அலங்காரம் செய்ய வரும் அவளுடைய சொந்தத் தங்கை ஒரு ஃபிளாஸ்க்கை மடியிலேயே வைத்திருப்பாள். வேறொருவர் கை படவிடமாட்டாள். அதிலிருந்து நடிகை உறிஞ்சுகுழல் வைத்துக் குடிப்பாள். "உதட்டுச் சாயம் கலையக்கூடாதுல்ல" என்று தளத்தில் இருப்பவர்கள் கண்ணடித்துச் சொல்லுவார்கள். தங்கை அசந்திருந்த ஒரு வேளையில் அக்கா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். வெறும் வெந்நீர். அதற்கும் அவள் அடங்கவில்லை. வாசனை வராத சரக்காக இருக்கலாம் என்று தன் மூக்கையே சந்தேகித்தாள். சந்தேகம் ஒருவர் மனத்தில் குடியேறிவிட்டால், கண்ணும் மூக்கும் அதற்கு வேலைக்காரர்களாகிவிடுகின்றன.

அவளுடைய குறிப்பேடோ வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள்களாக, பிற்பகலில் எடுத்த ஷாட்டுகளில் நடிகை கதவைத் திறந்தது இடக்கையால். கடிதத்தை மடித்தது இடக்கையால். எழுதியவள் அக்காவே. எழுதியதை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

படம் வெளியே போனது எப்படி? கூந்தல் படங்களின் பிரதி ஒரே ஒருத்திக்குத்தான் போகும். மறுநாள் அதே கொண்டையை அதேபோல் போடவேண்டிய தங்கைக்கு. நண்பகல் இடைவேளையில் அக்கா ஒப்பனை அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

நிலைக்கண்ணாடியின் முன் நடிகை உட்கார்ந்திருந்தாள். எதிரே தட்டில் ஒரு வெற்றுக் கோப்பை. வலக்கையால் அதை எடுக்க முயன்றாள். கோப்பை தட்டின்மேல் கடகடவென்று, குளிரில் பல் அடித்துக்கொள்வதுபோல் ஆடியது. தங்கை பாய்ந்து எழுந்தாள்.

"கதவைத் தட்டிட்டு வரத் தெரியாதா உங்களுக்கு?"

"தட்டியிருந்தா இதைப் பார்த்திருக்கமாட்டேனே. போட்டோ குடுத்தது நீதானே?"

நடிகை கண்ணாடிக்குள்ளிருந்தே பதில் சொன்னாள்.

"அவளைக் கேக்காதீங்க. குடுக்கச் சொன்னது நான்."

"உங்க பேரை நீங்களே கெடுத்துக்கறதுக்கா மேடம்?"

"உக்காருங்கக்கா. குடிக்கிறான்னு சொன்னா நாலு பேர் திட்டுவாங்க. திருந்திட்டான்னு சொன்னா அதே நாலு பேர் கை தட்டுவாங்க. கை நடுங்குதுன்னு தெரிஞ்சா ஒருத்தரும் திட்டமாட்டாங்க. 'ஐயோ பாவம்'னு சொல்லிட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க. போன வாரமே படியில விழப் பார்த்தேன்; இவ ஆட்டத்துக்கு என்ன காரணம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. அவங்களே கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி, நானே ஒரு காரணம் குடுத்துட்டேன்."

"எத்தனை நாளா?"

"டாக்டர் நடுக்குவாதம்னு சொல்லி எட்டு மாசமாச்சு. மாத்திரை போட்டா மத்தியானம் வரைக்கும் இந்தக் கை என் பேச்சைக் கேக்கும். அதுக்கப்புறம் தனிக்குடித்தனம் போயிடும்."

தங்கைக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

"இன்னும் நாலு நாள்தான். முப்பது வருஷம் நடிச்சாச்சு. பாதியில எடுத்து வெளியில வெச்ச பொம்பளையா போகக்கூடாது, அவ்வளவுதான். உங்க பென்சில் விழுந்திருக்கறதை நான் பார்க்கலை. நிர்வாகிகிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"சொன்னா, எதுக்குக் குடுத்தீங்கன்னு கேப்பார்."

தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"மூணு மணிக்கு இருபத்து மூணாம் காட்சி க்ளோசப். வைட்ல எந்தக் கைன்னு..."

குறிப்பேட்டைப் புரட்ட வேண்டிய தேவையே இல்லை. முழு அறையும் தெரியும் வைட் ஷாட்டை இரண்டு வாரத்துக்கு முன், காலை ஒன்பது மணிக்கு எடுத்தார்கள். தாயாக வரும் நடிகை தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, மகனைப் பார்த்து "போ" என்று சொல்லவேண்டும்.

"வலது" என்றாள் அக்கா.

காலையில் எடுக்கலாம் என்று கேட்கவும் வழியில்லை. அந்த வீட்டுத் தளத்தை அன்று மாலையே பிரிக்கப் போகிறார்கள்.

மூன்று மணிக்கு விளக்குகள் எரிந்தன. நடிகையின் வலக்கை சால்வைக்குள் இருந்தது. இயக்குநர் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார்.

"அக்கா, கோப்பை எந்தக் கை?"

முப்பது பேர் அவளைப் பார்த்தார்கள். நிர்வாகி சற்றுக் கூடுதலாகவே பார்த்தார். அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். அவளுடைய சிவப்பு எழுத்தே அங்கே இருந்தது: 'வலக்கை. கோப்பை முக்கால். கைப்பிடி சுவர்ப்பக்கம்.'

"இடது" என்றாள்.

"நிச்சயமா? எனக்கு வலதுன்னு ஞாபகம்."

"உங்ககிட்ட இருக்கறது ஞாபகம் சார். என்கிட்ட இருக்கறது எழுத்து."

யாரோ சிரித்தார். இயக்குநர் கையை உயர்த்தினார். நடிகை இடக்கையால் கோப்பையை எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். தட்டில் ஓசையெழாமல் வைத்தாள். மகனை நிமிர்ந்து பார்த்து, "போ" என்றாள். இரண்டாம் டேக்குக்குத் தேவை எழவில்லை.

மூன்று வாரம் கழித்துப் படத்தொகுப்பு அறைக்கு அக்காவை வரச்சொன்னார்கள். இயக்குநர் இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஓட்டினார். வலக்கை எடுத்தது, இடக்கை குடித்தது. நான்கு முறை ஓட்டினார்.

"இருபத்திரண்டு வருஷம்க்கா."

"தப்பாச் சொல்லிட்டேன் சார்."

"நோட்டைக் குடுங்க." வாங்கிப் புரட்டினார். அந்த ஒரு தாள் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. அவர் நெடுநேரம் அந்தக் கிழிசலையே பார்த்தார். "அப்போ அந்தப் போட்டோவும் நீங்கதான், இல்லை?"

ஒரே ஒரு சொல் போதும். தன் பழி நீங்கிவிடும். படம் இன்னும் முடிந்து வெளியாகவில்லை. ஆளை மாற்றி எடுக்க அவர்களுக்கு இப்போதும் நேரமிருந்தது. அவள் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். படத்தின் பெயர்ப்பட்டியலிலிருந்து அவள் நீக்கப்பட்டாள். அதற்குப்பின் வேறு எந்தத் தளமும் அவளைக் கூப்பிடவில்லை. 'போட்டோ விக்கறவ' என்ற பட்டம் அவளுக்கு முன்னே போய், ஒவ்வொரு வாசலிலும் நின்றுகொண்டிருந்தது.

படம் வெளியாயிற்று. மறுவாரமே நடிகை, மருத்துவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்தவாறு அந்த நாளிதழ் அலுவலகத்துக்குப் போனாள். படத்தைத் தானே கொடுத்ததையும், காரணத்தையும், அக்காவின் பெயரையும் சொன்னாள். ஆசிரியர் மரியாதையாக நாற்காலி போட்டார். "பழைய விஷயம்மா. இப்போ போட்டா யாரும் படிக்கமாட்டாங்க" என்றார்.

இயக்குநர் மட்டும் சேதி கேட்டு அக்காவின் வீட்டுக்கு வந்தார்.

"என்கிட்ட அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க சார்?"

அவர் தம் கையிலிருந்த தேநீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் படம் இன்றும் விடுமுறை நாள்களில் தொலைக்காட்சியில் வருகிறது. கை மாறும் அந்த இரண்டு நொடியை நிறுத்தி, சிவப்பு வட்டமிட்டு, 'எவ்வளவு பெரிய தப்பு, கவனிச்சீங்களா?' என்று எழுதிச் சிலர் ஊரெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அது உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். நீங்களும் சிரித்துவிட்டு இன்னொருவருக்கு அனுப்பியிருப்பீர்கள். யாருக்கு அனுப்பினீர்களோ, அவருக்கே இன்று எழுதுங்கள்: அந்த இடக்கை தெரிந்தே விடப்பட்டது என்று. நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றே எழுதுங்கள்.